பிறர் லைப்ரரிகளைச் சேர்த்துக் கட்டலாமா? மலையோரத்துக்கு மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கம்பத்திலோ போடியிலோ குமுளியிலோ இருந்துகொண்டு, தோட்டத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ஒரு சின்னக் கட்டற்ற மென்பொருள் எழுதுகிறீர்களா? நிரல் ஓடத் தொடங்கியதுமே ஒரு கேள்வி வந்து நிற்கும். நாம் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரிகளை, அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை, நம் மென்பொருளோடு சேர்த்தே கொடுப்பதா, அல்லது "நீங்களே நிறுவிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடுவதா? ஏலத் தோட்டங்களில் எடைக் கணக்கு எழுதி, தமிழிலும் மலையாளத்திலும் சம்பளச் சீட்டு அச்சிடும் ஒரு பைத்தான் நிரலை வெளியிடும்போது இந்தக் கேள்வியோடு நிறைய அல்லாடினேன். கிடைத்த ஆலோசனைகள் பெரும்பாலும் எந்நேரமும் இணையம் இருக்கும் இடத்துக்கானவை. மழை பெய்தால் சிக்னல் போய்விடும் வண்டன்மேட்டுக்கு அவை அப்படியே பொருந்தவில்லை.

நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூல நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் ரெப்போவில் பிறர் நிரலை வைக்காதீர்கள். பயனர் கையில் கொடுக்கும் நிறுவல் பொதியில் தேவையான எல்லாவற்றையும் வையுங்கள். அப்படி வைத்த ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதைக் கவனித்துக்கொள்ளும் ஆளின் பெயரை எழுதுங்கள். ஆள் கிடைக்காத எதையும் சேர்க்காதீர்கள். விதிவிலக்குகள் கொஞ்சம் உண்டு. அவை கீழே வரும்.

1. யார் கையில் கொடுக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

ஒரு தாளில் மூன்று வகை ஆட்களை எழுதுங்கள்: உங்கள் நிரலைத் திருத்த வருபவர், டெபியன், ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடுகளுக்காகப் பொதி கட்டுபவர், கடைசியாகப் பயன்படுத்துபவர். மூவருக்கும் வேண்டியது வேறு வேறு.

பயன்படுத்துபவருடைய கணினியை நேரில் போய்ப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் கணக்குப்பிள்ளை என்னிடம் சொன்னார்: "தம்பி, இங்க நெட்டெல்லாம் எதிர்பாக்காத. பென்டிரைவ்ல போட்டுக் குடு, சொருகுனா ஓடணும். சனிக்கிழமை சம்பளம் போட்டாகணும்." பிப் என்பது பைத்தான் லைப்ரரிகளை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் கருவி. அவருக்கு "பிப் மூலம் நிறுவவும்" என்று எழுதிக் கொடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

பள்ளிக்கூடம் என்றால் கணக்கு வேறு. கேரள அரசுப் பள்ளிகளில், கல்வித் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் கைட் என்ற அரசு நிறுவனம் தரும் குனு/லினக்ஸ் ஓடுகிறது. அதன் 22.04 பதிப்பு உபுண்டு 22.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. பீருமேடு, தேவிகுளம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளுக்கு எழுதுகிறீர்கள் என்றால், அங்கே பைத்தான் 3.10, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி 2.35 என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண்களும் பின்னால் பலமுறை தேவைப்படும்.

2. சார்புப் பட்டியலை அடி வரை தோண்டி எடுங்கள்

சார்பு என்றால் நம் நிரல் ஓடத் தேவைப்படும் லைப்ரரி. நேரடியாக நீங்கள் சேர்த்த லைப்ரரிகள் நாலைந்துதான் இருக்கும். அவை தம் பங்குக்கு இழுத்து வருபவைதான் அதிகம். பைத்தானில் பிப்டெப்ட்ரீ, ரஸ்டில் கார்கோவின் 'ட்ரீ' கட்டளை, நோடில் என்பிஎம்மின் 'எல்எஸ்' கட்டளை ஆகியவை முழு மரத்தையும் காட்டும்.

என் நிரலில் பிடிஎஃப் செய்வது எஃப்பிடிஎஃப்2. அது படங்களைக் கையாளும் பில்லோ, ஃபான்ட்டூல்ஸ், டிஃப்யூஸ்டு எக்ஸ்எம்எல் ஆகிய மூன்றையும் கூட்டி வருகிறது. தமிழ் எழுத்து சரியாக விழ யுஹார்ஃப்பஸ் தனியாக வேண்டும். எழுத்துகளை வடிவமைக்கும் அந்தப் பகுதி இல்லாவிட்டால் 'செல்வி' என்ற பெயரில் ஒற்றைக்கொம்பு சகரத்துக்கு வலப்பக்கம் போய் உட்காரும். கையெழுத்து வாங்கும் சீட்டில் பெயர் அப்படிச் சிதைந்து வந்தால் அந்தத் தொழிலாளி ஏன் அதை நம்ப வேண்டும்? ஆக, இந்தச் சார்பைத் தவிர்க்க முடியாது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பைத்தான் லைப்ரரிகள் நிறுவத் தயாராக வரும் வீல் கோப்புகளுக்குள்ளேயே சி மொழி லைப்ரரிகள் ஏற்கனவே சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். பில்லோவின் வீலுக்குள் வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி, எழுத்துருவைக் கையாளும் ஃப்ரீடைப் எல்லாம் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் லிப்வெப்பியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது குரோம், ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் புதுப்பித்தால் போதும் என்றிருக்கவில்லை. பில்லோவும் 10.0.1 பதிப்பை வெளியிட வேண்டியிருந்தது. உங்கள் பொதியில் பழைய பில்லோ இருந்தால் அந்த ஓட்டையும் உங்கள் பொதியில் இருக்கிறது. நீங்கள் லிப்வெப்பி என்ற பெயரையே கேள்விப்படாமல் இருந்தாலும் அதுதான் நிலைமை.

பட்டியலை ஒரு விரிதாளில் போடுங்கள். பெயர், பதிப்பு, எங்கிருந்து எடுத்தது, உரிமம், நாம் ஏதாவது மாற்றினோமா, உள்ளே வேறு என்ன இருக்கிறது, கவனிப்பவர் யார் என்று ஏழு பத்திகள் போதும். சிறிய நிரலுக்கு இது அரை நாள் வேலை. நோடில் எழுதியது என்றால் இரண்டு நாள் ஒதுக்குங்கள். மரம் அவ்வளவு கிளை விடும்.

3. உரிமங்களைப் படியுங்கள், ஆவணங்களைச் சேருங்கள்

நிறுவிக்கொள்ளச் சொல்லும்போது நீங்கள் எதையும் விநியோகிக்கவில்லை. சேர்த்துக் கட்டிய அந்த நிமிடமே பிறர் நிரலை விநியோகிப்பவர் ஆகிவிடுகிறீர்கள். கடமைகள் அங்கே தொடங்குகின்றன.

எம்ஐடி, பிஎஸ்டி உரிமம் என்றால் பதிப்புரிமை வரியையும் உரிம உரையையும் அப்படியே சேர்த்துக் கொடுக்க வேண்டும். அப்பாச்சி 2.0 என்றால் கூடவே 'நோட்டீஸ்' கோப்பு இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். நீங்கள் திருத்திய கோப்புகளில் திருத்தியதாகக் குறிப்பிட வேண்டும். உங்கள் நிரலின் உரிமம் 'ஜிபிஎல் 2 மட்டும்' என்றிருந்தால் அப்பாச்சி 2.0 நிரலோடு அதை ஒட்ட முடியாது. ஜிபிஎல் 3 என்றால் பிரச்சினை இல்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் இதை முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது. பத்துப் பேர் பங்களித்த பிறகு உரிமத்தை மாற்ற வேண்டுமானால் பத்துப் பேரின் சம்மதமும் வேண்டும்.

எல்ஜிபிஎல் லைப்ரரிகளுக்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. எஃப்பிடிஎஃப்2 அந்த உரிமத்தில்தான் வருகிறது. பயனர் அந்த லைப்ரரியின் வேறு பதிப்பை மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்க வழி இருக்க வேண்டும். பைஇன்ஸ்டாலர் போன்ற கருவிகள் பைத்தான் நிரல்களை ஒரே காப்பகத்துக்குள் வைத்துவிடுவதால் ஒரு லைப்ரரியை மட்டும் மாற்றுவது கடினம். ஆனால் உங்கள் முழு மூலமும் பொதி கட்டும் ஸ்கிரிப்டும் வெளியில் இருந்தால் யாரும் மறுபடி கட்டிக்கொள்ளலாம். ஸ்கிரிப்டை மட்டும் உங்கள் மடிக்கணினியிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

எழுத்துருவும் ஒரு சார்புதான். நோட்டோ சான்ஸ் தமிழ், லோஹித் தமிழ், மலையாளத்துக்கு சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் மஞ்சரி ஆகியவை திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. மென்பொருளோடு சேர்த்துத் தரலாம். எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது. உரிமக் கோப்பு கூடவே போக வேண்டும். ஆனால் டைப்பிங் கடையில் பென்டிரைவில் சுற்றும் பழைய எழுத்துருக்களைத் தொடாதீர்கள். அழகாக இருக்கிறது என்று எடுத்து வைத்தால், யாருடையது, என்ன உரிமம் என்று யாராலும் சொல்ல முடியாது. உரிமக் கோப்பே இல்லாத எந்த நிரலுக்கும் இதே விதிதான். இணையத்தில் திறந்து கிடப்பதாலேயே அது கட்டற்றது ஆகிவிடாது.

இந்தப் படியின் முடிவில் உங்களிடம் இரண்டு இருக்க வேண்டும்: ஒவ்வொரு லைப்ரரிக்கும் அதன் உரிம உரையைத் தாங்கிய ஒரு கோப்புறை, எல்லாவற்றையும் பட்டியலிடும் ஒரு பக்கக் கோப்பு. விரிதாளை, மென்பொருளுக்குள் இருப்பவற்றைப் பட்டியலிடும் பொது வடிவங்களான எஸ்பிடிஎக்ஸ் அல்லது சைக்ளோன் டிஎக்ஸ் வடிவில் மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே உண்டு. அரசு அலுவலகத்துக்கோ பள்ளிக்கோ கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே அப்படிச் செய்து வையுங்கள்.

4. ஒவ்வொரு லைப்ரரிக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள்

"எல்லாவற்றையும் சேர்", "எதையும் சேர்க்காதே" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்பவர்களை நம்பாதீர்கள். வரிசையாக ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு கேளுங்கள்.

அது வெளியிலிருந்து வரும் தரவைத் தொடுகிறதா? இணைய இணைப்பு, மறையாக்கம், படக்கோப்பு, சுருக்கக் கோப்பு ஆகியவற்றைக் கையாளும் லைப்ரரிகளில்தான் ஆபத்தான ஓட்டைகள் வரும். 2014 ஏப்ரலில் மறையாக்க லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியானபோது, கணினியோடு வந்த ஒரே பிரதியைப் பயன்படுத்திய நிரல்களில் ஓட்டையை அடைக்க ஒரு புதுப்பிப்பும் மறுதொடக்கமும் போதுமாக இருந்தது. தன் வயிற்றுக்குள் ஒரு பிரதியை வைத்திருந்த நிரல்கள் ஒவ்வொன்றும் தனியாக வெளியீடு செய்ய வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில், ஜாவா நிரல்கள் நிகழ்வுகளைப் பதிவு செய்யப் பயன்படுத்தும் லாக்4ஜே விஷயத்தில் இன்னும் மோசம். ஜார் என்ற ஜாவா பொதிக் கோப்புக்குள் ஜார், அதற்குள் இன்னொரு ஜார் என்று புதைந்து கிடந்ததால், தன்னிடம் அது இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவே பல நிறுவனங்கள் திணறின. ஓப்பன்எஸ்எஸ்எல், இணையத்திலிருந்து தரவை இறக்கும் கர்ல் போன்றவற்றைக் கணினியிடமே விட்டுவிடுங்கள். இதில் நான் சமரசம் செய்ய மாட்டேன்.

பயனரின் கணினியில் அது கிடைக்கிறதா, வேண்டிய பதிப்பில் கிடைக்கிறதா? நீண்டகால ஆதரவு வெளியீடுகளில் லைப்ரரியின் பெரிய பதிப்பு ஏறாது; பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். உங்களுக்குப் புதிய வசதி ஏதோ ஒன்றுக்காக மட்டும் புதிய பதிப்பு வேண்டியிருந்தால், அந்த வசதி இல்லாமல் முடியுமா என்று ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

நாம் அதைத் திருத்தியிருக்கிறோமா? திருத்திய பிரதியைச் சேர்ப்பதுதான் எல்லாவற்றிலும் செலவு கூடியது. ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் உங்கள் திருத்தத்தை மறுபடி ஒட்ட வேண்டும். திருத்தத்தை அசல் திட்டத்துக்கே அனுப்புங்கள். அது ஏற்கப்படும் வரை திருத்தத்தைத் தனிக் கோப்பாக வைத்து, கட்டும்போது ஒட்டுங்கள்.

அது சேர்த்துக் கட்டுவதற்காகவே எழுதப்பட்டதா? இதுதான் நான் சொன்ன விதிவிலக்கு. தரவுத்தள லைப்ரரியான எஸ்க்யூலைட் தன் நிரல் முழுவதையும் ஒரே சி கோப்பாகத் தருகிறது; அப்படியே உங்கள் நிரலில் போட்டுக்கொள்ளலாம் என்பது அதன் ஏற்பாடு. பிப் தனக்கு வேண்டிய லைப்ரரிகளைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதற்கும் தெளிவான காரணம் உண்டு: லைப்ரரிகளை நிறுவும் கருவிக்கே லைப்ரரி நிறுவ வேண்டியிருந்தால் எங்கிருந்து தொடங்குவது? இப்படிக் காரணம் சொல்ல முடிந்தால் சேருங்கள், காரணத்தை எழுதியும் வையுங்கள்.

"நாளைக்கு அந்த லைப்ரரி இணையத்திலிருந்தே காணாமல் போனால்?" என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரி நிரலை அதன் ஆசிரியர், நோட் லைப்ரரிகளின் இணையக் கிடங்கான என்பிஎம்மிலிருந்து எடுத்தபோது பெரிய திட்டங்களின் கட்டுமானமே நின்றது. ஆனால் அதற்கு மருந்து, பதிப்பையும், கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் ஹாஷையும் பூட்டிய பட்டியலும் தரவிறக்கிய கோப்புகளின் ஒரு காப்புப் பிரதியும்தான். ரெப்போவுக்குள் கொட்ட வேண்டியதில்லை. பதினோரு வரி என்றால், நாமே எழுதிக்கொள்வது இன்னும் நல்லது.

5. மூலத்தைச் சுத்தமாக வையுங்கள், பொதியில் சேருங்கள்

பைத்தானுக்கு நான் பரிந்துரைப்பது வீல் கோப்புறை. பதிப்பும் ஹாஷும் பூட்டிய பட்டியலை ரெப்போவில் வையுங்கள். வெளியீட்டு நாளில் பிப்பின் 'டவுன்லோடு' கட்டளையால் எல்லா வீல்களையும் ஒரு கோப்புறையில் இறக்குங்கள். அதையும் நிறுவும் ஸ்கிரிப்டையும் எழுத்துருக்களையும் உரிமக் கோப்புறையையும் ஒரே சுருக்கக் கோப்பாகக் கட்டுங்கள். ஸ்கிரிப்ட் இணையத்தைத் தொடாமல் அந்தக் கோப்புறையிலிருந்து மட்டும் நிறுவும்படி 'நோ இண்டெக்ஸ்' தெரிவைப் போடுங்கள். கோ மொழிக்கும் ரஸ்டுக்கும் 'வெண்டர்' கட்டளைகள் இதே வேலையைச் செய்யும்.

மாட்டிக்கொள்ளும் பொறிகள் மூன்று உண்டு. பொறி ஒன்று: உங்கள் மடிக்கணினியில் பைத்தான் 3.12 இருந்தால் 3.12-க்கான வீல்கள் இறங்கும். பள்ளிக் கணினியின் 3.10-இல் அவை ஏறாது. பொருத்தமான பதிப்பே இல்லை என்று பிழை வரும். கோப்பு கண்ணெதிரே கிடக்கும், பிழையோ இல்லை என்று சொல்லும். இறக்கும்போதே பைத்தான் பதிப்பையும் இயங்குதளத்தையும் குறிப்பிடுங்கள்.

பொறி இரண்டு: உபுண்டுவில் பைத்தான் இருந்தாலும், தனிச் சூழல் உருவாக்கும் 'வென்வ்' தனிப் பொதியாக வருகிறது. இணையம் இல்லாத இடத்தில் அது இல்லாவிட்டால் அன்றைய பயணம் வீண். முன்கூட்டியே போன் போட்டு விசாரியுங்கள், அல்லது அதையும் டெப் என்ற உபுண்டு நிறுவல் கோப்பாகக் கையில் கொண்டுபோங்கள்.

பொறி மூன்று: கிட் சப்மாட்யூலாக, அதாவது வேறொரு ரெப்போவைச் சுட்டும் இணைப்பாக, லைப்ரரியை இணைத்தால், கிட்ஹப்பில் 'ஜிப்பாக இறக்கு' என்று அழுத்துபவருக்கு அந்தக் கோப்புறை காலியாகவே வரும். வெளியீட்டுக் கோப்பை நீங்களே கட்டி ஏற்றுங்கள்.

பெரிய இருமக் கோப்புகளை ரெப்போவில் போடவே போடாதீர்கள். கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. அதைவிட முக்கியம், ஒருமுறை போட்டதைப் பிறகு நீக்கினாலும் வரலாற்றில் அது தங்கிவிடும். குளோன் செய்யும் ஒவ்வொருவரும் தம் டேட்டாவில் அதை இறக்க வேண்டும். கூடலூரில் போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்யும் ஒரு மாணவர் உங்கள் திட்டத்துக்குப் பங்களிக்க வருவதை இது ஒன்றே தடுத்துவிடும்.

ரெப்போவில் வைத்தே ஆக வேண்டியவை இருந்தால் 'தேர்ட் பார்ட்டி' என்ற ஒரே கோப்புறையில் வையுங்கள், உங்கள் நிரலோடு கலக்காதீர்கள். கணினியில் உள்ள பிரதியைப் பயன்படுத்த ஒரு தெரிவும் கொடுங்கள். டெபியனின் கொள்கை பொதுவாகச் சேர்த்துக் கட்டிய பிரதிகளைப் பயன்படுத்துவதை விரும்புவதில்லை. ஃபெடோரா 2015-க்குப் பிறகு தளர்த்தியிருக்கிறது. ஆனாலும் எதைச் சேர்த்திருக்கிறோம் என்று பொதியில் அறிவிக்க வேண்டும். அந்தத் தெரிவு இருந்தால் அவர்களுடைய வேலை பாதியாகக் குறையும்.

6. வெறும் கணினியில் ஓட்டிப் பாருங்கள்

உங்கள் கணினியில் ஓடுவது எதையும் நிரூபிக்காது. அதில் எல்லாமே ஏற்கனவே இருக்கிறது. புதிதாக நிறுவிய ஒரு கணினியிலோ மெய்நிகர் கணினியிலோ, வைஃபையை அணைத்துவிட்டு நிறுவிப் பாருங்கள். 'செல்வி', 'கொழுந்து', 'சௌந்தரம்' என்று கொம்பும் காலும் உள்ள பெயர்களை அச்சிட்டு, தாளில் பாருங்கள். திரையில் சரியாக இருப்பது தாளிலும் சரியாக வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சி நிரல் உள்ள பொதியை உங்களிடம் உள்ள மிகப் பழைய இலக்குக் கணினியில் கட்டுங்கள். உபுண்டு 24.04-இல் கட்டினால் அங்கே ஜிலிப்சி 2.39, 22.04-இல் 2.35. புதியதில் கட்டியது பழையதில் ஓடாமல் போகலாம், பழையதில் கட்டியது புதியதில் ஓடும். நிறுவாமலே ஒரே கோப்பாக ஓடும் ஆப்இமேஜ் வடிவைத் தேர்ந்தெடுத்தால், பழைய முறையில் கட்டிய ஆப்இமேஜ்களுக்கு வேண்டிய லிப்ஃபியூஸ்2 என்ற லைப்ரரி உபுண்டு 22.04-இல் இயல்பாக வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். விண்டோஸில் பைஇன்ஸ்டாலரின் ஒற்றைக் கோப்பு வடிவைச் சில வைரஸ் தடுப்பான்கள் தவறாகப் பிடிக்கும். கோப்புறை வடிவில் தொந்தரவு குறைவு.

இதற்கு ஒரு முழு நாள் வையுங்கள். காசுச் செலவு இல்லை.

7. ஆளும் தேதியும்

சேர்த்துக் கட்டுவதன் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது. பொதியில் உள்ள ஒவ்வொரு லைப்ரரிக்கும் பாதுகாப்பு அறிவிப்பு வந்தால், அதைப் படித்து, புதிய பொதி கட்டி, தோட்டம் தோட்டமாகக் கொண்டுசேர்க்க ஒருவர் வேண்டும். சார்புகளில் ஓட்டை தெரியவந்தால் சொல்லும் கிட்ஹப்பின் டிபெண்டபாட் எச்சரிக்கைகளை இயக்குங்கள். மாதம் ஒருமுறை, தெரிந்த ஓட்டைகளைத் தேடும் ஓஎஸ்வி ஸ்கேனரைப் பூட்டிய பட்டியலின் மேல் ஓட்டுங்கள். இரண்டும் இலவசம். வீலுக்குள் புதைந்த சி லைப்ரரிகளை இவை எப்போதும் நேரடியாகக் காட்டாது. அதற்காகத்தான் விரிதாளில் "உள்ளே வேறு என்ன இருக்கிறது" என்ற பத்தியைப் போடச் சொன்னேன்.

அவசரமாகப் புதுப்பிப்பதிலும் ஆபத்து உண்டு. 2024 மார்ச்சில், கோப்பைச் சுருக்கும் கருவியான எக்ஸ்ஜெட்டின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழி) இருப்பது தெரியவந்தது. அது முழு வடிவில் வெளியீட்டுச் சுருக்கக் கோப்பில் மட்டுமே இருந்தது. பாதுகாப்புத் திருத்தம் என்றால் உடனே எடுங்கள். புது வசதிக்கான பதிப்பு என்றால் சில வாரம் பொறுத்து எடுங்கள்.

தேதிகளைத் தோட்டத்தின் நாட்காட்டியோடு பொருத்துங்கள். ஏலக்காய் அறுவடை மும்முரமாக இருக்கும் மாதங்களில் கணக்கு நிரலைத் தொட யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. வழக்கமான புதுப்பிப்பை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். மோசமான ஓட்டை வந்தால் மட்டும் நடுவில் போங்கள். போவதற்கு முன் தரவுத்தளத்தைப் பிரதி எடுங்கள்.

நிரலின் முகப்புத் திரையிலேயே பொதியின் தேதியும் பதிப்பும் பெரிய எழுத்தில் தெரியட்டும். போனில் "அண்ணே, திரையில மேல என்ன நம்பர் இருக்கு?" என்று கேட்டால் போதும், யாரிடம் பழைய பொதி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். எந்தத் தோட்டத்துக்கு எந்தப் பொதி, எந்தத் தேதியில் கொடுத்தோம் என்று விரிதாளில் இரண்டாவது தாள் ஒன்று வையுங்கள். புதிய பொதியைக் கொடுக்கும்போது பழைய பென்டிரைவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அது மேஜை இழுப்பறையில் கிடந்தால், கணினி பழுதான அன்று யாராவது அதிலிருந்துதான் மறுபடி நிறுவுவார்கள்.